சொல்லாத காதல் எங்கே போகிறது? ‘காசாபிளாங்கா’வை முதன்முறை பார்ப்பவருக்கு

பழைய கறுப்பு வெள்ளைக் காதல் படம் ஒன்றை முதன்முறையாகப் பார்த்து முடித்தவரிடம் கருத்துக் கேட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் வருகிறது. ‘அந்தக் காலத்துக்கு நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள்’ என்பது ஒன்று. ‘ஒரே மெலோடிராமா’ என்பது மற்றொன்று. முதலாவது மரியாதைக்காகச் சொல்லப்படுவது, அதை விட்டுவிடலாம். இரண்டாவதில் வரும் சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அழுகை கூடினால் மெலோடிராமா, வசனம் நீண்டால் மெலோடிராமா, வயலின்கள் உயர்ந்தால் மெலோடிராமா என்று, தொலைக்காட்சித் தொடர் முதல் அரசியல் மேடை வரை எதன் மீதும் அதை ஒரு வசையாக ஒட்டிவிடுகிறோம். ஆனால் அச்சொல் முதலில் குறித்தது ஒரு வேலைமுறையை. அந்த முறை இன்னதென்று தெரிந்துகொண்டால், பழைய காதல் படங்களில் நமக்குச் சலிப்பூட்டும் இடங்கள் பல, படத்தின் முழுப் பாரத்தையும் தாங்கும் இடங்கள் என்பது விளங்கும்.

விளக்குவதற்கு ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 1942-இல் அமெரிக்காவின் வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் தயாரித்து, மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கிய ‘காசாபிளாங்கா’ அது. 102 நிமிடங்கள் மட்டுமே ஓடுவதால், இத்தகைய படங்களைத் தொடங்குபவருக்கு இதைவிட வசதியான வாசல் அமைவது கடினம்.

பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம்

வெளியூருக்கு வேலைக்குப் போகும் மகனை வழியனுப்ப வந்த ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். பேருந்து புறப்படப் பத்து நிமிடம் இருக்கிறது. ‘உன்னைப் பிரிவது எனக்குப் பெருந்துயரமாக இருக்கிறது’ என்று எந்தத் தாயும் அந்தப் பத்து நிமிடத்தில் சொல்வதில்லை. ‘தயிர்சாதத்தை முதலில் சாப்பிட்டுவிடு, புளித்துப்போகும்’ என்கிறார். தண்ணீர் பாட்டிலின் மூடியை மறுபடியும் திருகிப் பார்க்கிறார். ஏற்கெனவே இரண்டு முறை சொன்ன உறவினரின் முகவரியை மூன்றாம் முறை சொல்கிறார். தந்தையோ சற்றுத் தள்ளி நின்று, தமக்குச் சிறிதும் தேவைப்படாத பேருந்து நேர அட்டவணையைக் கவனமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து இருக்கைக்காரருக்கு இவையெல்லாம் சாப்பாட்டுப் பேச்சும் பொழுதுபோக்கும்தான். மகனுக்கு மட்டும் விஷயம் தெரியும். சொல்ல வந்தது சொல்லாக வர வழியில்லாமல் தயிர்சாதத்தின் மீது போய் உட்கார்ந்துகொண்டது.

இதை உணர்வின் இடமாற்றம் என்று அழைப்போம். நேராக வெளிவர முடியாத ஓர் உணர்வு, பக்கத்தில் இருக்கும் வேறொரு பொருளின் மீதோ செயலின் மீதோ ஏறிக்கொண்டு வெளிவருவது என்பது இதன் பொருள். சங்க அகப்பாடல்களைப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. தன் நெஞ்சில் இருப்பதைச் சொல்லாமல், நாரையையும் நண்டையும் சொல்லி நிறுத்திக்கொள்வதற்கு ‘உள்ளுறை’ என்று பெயர் வைத்து இலக்கணமே வகுத்திருக்கிறார்கள்.

மெலோடிராமா என்ற சொல்

‘மெலோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் பாட்டு, இசை. மெலோடிராமா என்பது சொல்லளவில் ‘இசையோடு கூடிய நாடகம்’. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் இந்தப் பெயரோடு ஒரு மேடை வடிவம் உருவானது. அதன் வளர்ச்சிக்கு ஒரு தடை துணைசெய்தது என்பதுதான் சுவையான செய்தி. எடுத்துக்காட்டாக, இலண்டன் நகரில் பேச்சு நாடகங்களை நடத்தும் உரிமை, அரச அனுமதி பெற்ற ஓரிரண்டு அரங்குகளுக்கே நெடுங்காலம் இருந்தது. மற்ற அரங்குகள் வெறும் வசனத்தை வைத்து நாடகம் போட முடியாது. ஆகவே அவை இசையையும் சைகையையும் காட்சிப் பகட்டையும் கொண்டு கதை சொல்லக் கற்றுக்கொண்டன. 1843-இல் சட்டம் மாறி அந்தத் தனியுரிமை ஒழிந்தபோது, பேசாமலேயே உணர்த்தும் கலை நன்றாக வேரூன்றியிருந்தது. பேசும் வசதி இல்லாமலேயே பிறந்த திரைப்படம் அந்தக் கலையை அப்படியே சுவீகரித்துக்கொண்டது.

எனவே இந்தக் கட்டுரையில் மெலோடிராமா என்று நான் எழுதும் இடங்களிலெல்லாம், ஒரு பாத்திரத்தால் வாய்விட்டுச் சொல்ல முடியாத உணர்வை இசை, ஒளி, பொருள், பிறர் பேச்சு ஆகியவற்றின் மேல் ஏற்றிக் காட்டும் கதைமுறை என்றே அதைப் படிக்க வேண்டும். மிகை நடிப்பு என்பது வேறு நோய். அது எந்த வகைப் படத்துக்கும் வரும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால் இரண்டு வரிதான். சொல்ல முடியாதது வேறொன்றின் மீது ஏறிக்கொள்கிறது. அப்படி ஏற்றுவதையே தொழிலாகக் கொண்ட கதைமுறை மெலோடிராமா.

படத்துக்குள் போகுமுன்

கதை நடக்கும் காலம் 1941 டிசம்பர். இடம், அப்போது பிரான்சின் ஆட்சியில் இருந்த மொரோக்கோவின் காசாபிளாங்கா நகரம். ஜெர்மனி 1940-இல் பிரான்சைத் தோற்கடித்த பின்னர், விஷி என்ற ஊரைத் தலைமையிடமாகக் கொண்டு ஜெர்மனிக்கு இணங்கிப் போன ஒரு பிரெஞ்சு அரசு அமைந்தது. காசாபிளாங்கா அந்த விஷி அரசின் பொறுப்பில் இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து தப்பியோடும் அகதிகள் பாரிசிலிருந்து மார்செய், அங்கிருந்து கடல் கடந்து ஓரான், பிறகு ஆப்பிரிக்காவின் விளிம்பு வழியாகக் காசாபிளாங்கா என்று வந்து சேர்கிறார்கள். அங்கிருந்து லிஸ்பனுக்கு விமானம் ஏறிவிட்டால் அமெரிக்கா எட்டும் தூரத்தில்தான். ஏறுவதற்கு வெளியேறும் அனுமதிச் சீட்டு வேண்டும். அது கிடைக்காதவர்கள் காத்திருக்கிறார்கள். படத்தின் தொடக்கத்தில் உலக உருண்டையையும் வரைபடத்தையும் காட்டி இவ்வளவையும் ஒரு குரல் சொல்லிவிடுகிறது. அதை மட்டும் கவனமாகக் கேட்டுவிட்டால் பிறகு குழப்பம் இராது.

காத்திருப்பவர்கள் கூடும் மதுவிடுதியை நடத்துபவர் ரிக் என்னும் அமெரிக்கர். அந்த வேடத்தில் ஹம்ப்ரி போகார்ட். யாருக்காகவும் தலையைக் கொடுப்பதில்லை என்பது அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் கொள்கை. ஐரோப்பிய எதிர்ப்பியக்கத்தின் தலைவரான விக்டர் லாஸ்லோவும், அவருடன் இல்சா என்ற பெண்ணும் ஒருநாள் இரவு அந்த விடுதிக்குள் நுழைகிறார்கள். இல்சாவாக இங்கிரிட் பெர்க்மன், லாஸ்லோவாகப் பால் ஹென்ரெய்ட். ரிக்கும் இல்சாவும் பாரிசில் காதலித்தவர்கள். எந்தக் காரணமும் சொல்லாமல் அவரை விட்டுப் போனவர் இல்சா. யார் பெயரையும் எழுதிக்கொண்டு நாட்டை விட்டு வெளியேறத்தக்க இரண்டு பயணக் கடிதங்கள் இப்போது ரிக்கின் கையில் இருக்கின்றன. அப்படிப்பட்ட கடிதங்கள் வரலாற்றில் இருந்ததில்லை. கதைக்காகக் கற்பனை செய்யப்பட்டவை. மூன்று பேர், இரண்டு கடிதம் என்ற கணக்குக்காகத்தான் அவை இருக்கின்றன.

ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. காதல் படம் என்று உட்காருபவருக்கு ஏறத்தாழ முதல் 25 நிமிடங்கள் காதலே கண்ணில் படாது. நாயகி திரைக்கே வருவதில்லை. நாயகனும் உடனே முகம் காட்டுவதில்லை. முதலில் ஒரு காசோலையில் ஒப்பமிடும் கை, பிறகு சதுரங்கப் பலகை, அதற்குப் பிறகே முகம். தனியாக உட்கார்ந்து தன்னோடு தானே சதுரங்கம் ஆடுகிறார். அவரைப் பற்றித் தெரிய வேண்டிய முதல் செய்தியை அந்தப் பலகை சொல்லிவிட்டது. அந்தக் காசோலையின் தேதி 1941 டிசம்பர் 2. அமெரிக்காவைப் போருக்குள் இழுத்த பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. யாருக்காகவும் தலையைக் கொடுக்காத அமெரிக்கர் என்ற பாத்திரத்துக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

விசிலுக்கு மூடி வேண்டும்

குக்கரில் மூடியும் அதன் மேல் வெயிட்டும் இல்லாவிட்டால் விசில் வராது. தண்ணீர் கொதித்து ஆவியாகிக் கலைந்துவிடும். காதல் கதைக்கும் அதே நியதிதான். தடை என்பது காதலர்கள் மீது கதாசிரியர் கொண்ட கோபத்தின் விளைவு என்று புதிதாகப் பார்ப்பவர் நினைத்துக்கொள்கிறார். தடை இல்லையென்றால் உணர்வு அழுத்தம் பெறாது, அழுத்தம் இல்லையென்றால் அது இடம் மாறாது, இடம் மாறவில்லையென்றால் நமக்குப் பார்க்க எதுவும் இராது.

‘காசாபிளாங்கா’வில் இரண்டு மூடிகள் உண்டு. முதலாவது கதைக்குள் இருப்பது. இல்சா, லாஸ்லோவின் மனைவி. அது மட்டுமென்றால் சாதாரண முக்கோணக் கதை. அந்தக் கணவர் நல்லவர், வீரர், வதைமுகாமிலிருந்து தப்பியவர், அவர் உயிரோடு வெளியேறுவதில் பலருடைய வாழ்வு தொங்குகிறது என்பதுதான் மூடியின் மேல் வைத்த வெயிட்.

இரண்டாவது மூடி படத்துக்கு வெளியே இருந்தது. அன்றைய ஹாலிவுட்டில் ‘தயாரிப்பு நெறிமுறை’ என்ற ஒன்று நடைமுறையில் இருந்தது. திரையில் எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று அமெரிக்கத் திரைத்துறை தனக்குத் தானே வகுத்துக்கொண்ட விதித்தொகுப்பு அது. அரசாங்கத் தணிக்கை என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. அரசு தலையிட்டுவிடுமோ, சமய அமைப்புகள் புறக்கணித்துவிடுமோ என்ற அச்சத்தில் தொழிலே ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு. 1930-இல் எழுதப்பட்டு, 1934 முதல் ஜோசஃப் பிரீன் என்பவரின் அலுவலகம் வழியாகக் கண்டிப்புடன் செயல்பட்டது. 1968-இல் வயது அடிப்படையிலான தரப்படுத்தல் வந்தபோது மறைந்தது. மணமானவரின் பிறன்மனை உறவை நியாயப்படுத்தவோ கவர்ச்சியாகக் காட்டவோ கூடாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. பாரிசில் ரிக்கைக் காதலித்தபோது, தன் கணவர் இறந்துவிட்டதாக இல்சா நம்பியிருந்தார் என்று கதை அமைந்திருப்பதற்கும், கடைசியில் அவர் யாருடன் போவார் என்பதில் உண்மையில் அதிகத் தெரிவுகள் இல்லாமல் போனதற்கும் இந்த நெறிமுறையின் நிழல் ஒரு காரணம்.

தணிக்கை நல்ல கலையை உண்டாக்கும் என்று நான் வாதாடவில்லை. அதே நெறிமுறையின் கீழ் எடுத்து இன்று யாரும் திரும்பிப் பார்க்காத படங்கள் ஏராளம். இந்தப் படத்தின் எழுத்தாளர்களான எப்ஸ்டைன் சகோதரர்களும் ஹோவார்ட் கோச்சும், மூடியைத் தூக்கி எறிய வழியில்லாத நிலையில், விசிலை எங்கே வைப்பது என்று யோசித்தார்கள், அவ்வளவே.

சுருக்கமாக: உணர்வை இடம்மாறச் செய்வது தடை. இங்கே தடை கதையிலிருந்தும் வந்தது, தொழிலின் விதிகளிலிருந்தும் வந்தது.

படத்தை இன்னும் பார்க்காதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வரலாம். 1988-இல் இதற்கு வண்ணம் பூசிய ஒரு தொலைக்காட்சிப் பதிப்பு வந்தது. அதைத் தவிர்த்து, கறுப்பு வெள்ளைப் பதிப்பையே பார்க்க வேண்டும். இனி வருவது முடிவையும் சேர்த்தே பேசுகிறது.

பியானோவுக்குள் இருப்பது

இல்சா விடுதிக்குள் வந்ததும் முதலில் பேச்சுக் கொடுப்பது ரிக்கிடம் அன்று. பாரிசில் அவர்களோடு இருந்த பியானோக் கலைஞர் சாமை அழைத்து, ‘ஆஸ் டைம் கோஸ் பை’ என்ற பாட்டை வாசிக்கச் சொல்கிறார். சாம் மறந்துவிட்டது போல் நடிக்கிறார். இல்சா தாமே மெல்ல முனகிக் காட்டுகிறார். ஊரெல்லாம் மேற்கோள் காட்டும் ‘மறுபடியும் வாசி, சாம்’ என்ற வசனம் இந்தப் படத்தில் எங்குமே இல்லை. ‘வாசி, சாம்’ என்றுதான் அவர் கேட்கிறார். பாட்டைக் கேட்டு, வாசிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேனே என்று சினத்துடன் விரைந்து வரும் ரிக், இல்சாவைக் கண்டு நின்றுபோகிறார். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. பியானோ ஓய்கிறது, பின்னணி இசைக்குழு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மெலோஸ் என்ற சொல்லின் பழைய பொருள் திரும்பி வரும் இடம் இது. வாய் திறக்க முடியாத இருவரின் வேலையை இசை செய்கிறது.

இத்தகைய இசைத்துணுக்கை மீள்வரு இசை எனலாம்: ஒரு நபரோடோ நினைவோடோ கட்டிவைக்கப்பட்டு, கதையில் அவ்வப்போது திரும்பி வந்து அதையே நினைவூட்டும் சிறு மெட்டு. இந்தப் பாட்டு படத்துக்காக எழுதப்பட்டதன்று. ஹெர்மன் ஹப்ஃபெல்ட் 1931-இல் ஒரு மேடை இசைநாடகத்துக்காக எழுதியது. இசையமைப்பாளர் மேக்ஸ் ஸ்டைனருக்கு அது பிடிக்கவில்லை என்றும், வேறொரு பாட்டைப் போட விரும்பினார் என்றும், அதற்குள் பெர்க்மன் அடுத்த படத்துக்காகத் தலைமுடியை வெட்டிக்கொண்டுவிட்டதால் மறுபடி படம்பிடிக்க வழியில்லாமல் போயிற்று என்றும் அந்தப் படத்தின் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வேண்டாத மெட்டைத்தான் ஸ்டைனர் படம் முழுவதும் விதவிதமாக இழைத்தார் என்பதை எண்ணிக்கொண்டு கேட்டால், அந்த இழைப்பின் திறமை கூடுதலாகத் தெரியும்.

அந்தப் பியானோவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பயணக் கடிதங்களை ரிக் ஒளித்துவைப்பது அதற்குள்தான். சாம் பாடிக்கொண்டிருக்கும்போது, கூட்டத்தின் கண்முன்பே, மூடியைச் சற்றுத் தூக்கிப் போட்டுவிடுகிறார். இல்சாவின் நினைவை எழுப்பும் பாட்டும் இல்சாவை அனுப்பிவைக்கப்போகும் தாளும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. முதன்முறை பார்ப்பவருக்கு அது வெறும் ஒளிவிடம். எனக்கும் முதன்முறை அப்படித்தான் இருந்தது.

பாரிஸ் நினைவுகளைச் சொல்லும் ஃபிளாஷ்பேக் பகுதியிலும் இதே முறையைக் காணலாம். இல்சா தன்னை முத்தமிடும்படி கேட்கும்போது அவருடைய கை பட்டு ஒரு மதுக்கோப்பை சாய்கிறது. அவருக்கு மட்டும் தெரிந்த ஒரு செய்தி இருக்கிறது என்பதற்கு அந்தக் கணத்தில் நம்மிடம் உள்ள ஒரே தடயம் அதுதான். பிறகு ரயில் நிலையம். மழை. வரப்போவதில்லை என்று இல்சா எழுதிய கடிதத்தை ரிக் பிரித்துப் படிக்கிறார். கேமரா அவர் கண்களுக்குப் போகவில்லை, கடிதத்துக்குப் போகிறது. மழைத்துளிகள் விழுந்து மையெழுத்துகள் கரைந்து வழிகின்றன. போகார்ட் அழ வேண்டியதில்லை. தாள் அழுதுவிட்டது.

பிறர் வாயால்

பொருள்களைத் தாண்டி, பிற மனிதர்கள் மீதும் உணர்வு ஏறலாம். என் கணக்கில் படத்தின் மிக நுட்பமான காட்சி, காதலர்கள் இருவரும் சேர்ந்து இல்லாத ஒன்று. பல்கேரியாவிலிருந்து வந்த அன்னினா என்ற இளம்பெண் ரிக்கிடம் ஒரு யோசனை கேட்கிறாள். காவல்துறைத் தலைவர் ரெனோ, அவளுடைய உடலை விலையாகக் கேட்டு அனுமதிச் சீட்டு தருவதாகச் சொல்லியிருக்கிறார். நெறிமுறையின் காரணமாக அது நேராகச் சொல்லப்படுவதில்லை. அவளுடைய கணவன் சூதாட்ட மேசையில் இருந்த பணத்தையும் தோற்றுக்கொண்டிருக்கிறான். ஒருவனை மிக நேசிக்கும் பெண், அவனுடைய நன்மைக்காகவே ஒரு தகாத காரியத்தைச் செய்து, அதை அவனுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டால், அவனால் அதை மன்னிக்க முடியுமா என்பது அவள் கேள்வி.

கேட்பவள் அன்னினா, கேள்வியோ இல்சாவுடையது. தன்னை அந்த அளவுக்கு யாரும் நேசித்ததில்லை என்று ரிக் விட்டேற்றியாகப் பதில் சொல்கிறார். ஆனால் எழுந்து போய், ரூலெட் மேசையில் அந்தக் கணவனை 22-ஆம் எண்ணில் பணத்தை வைக்கச் சொல்கிறார். பந்து 22-இல் விழுகிறது. அப்படியே விட்டுவைக்கச் சொல்கிறார். மறுபடியும் 22. ரிக் இன்னும் காதலிக்கிறார் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இல்சாவிடம் கொடுக்க முடியாத மன்னிப்பை, முன்பின் தெரியாத ஒரு தம்பதிக்குச் சில்லறையாக மாற்றிக் கொடுத்துவிட்டார்.

இன்னொன்று, எல்லாரும் அறிந்த தேசியகீதக் காட்சி. விடுதியில் ஜெர்மன் அதிகாரிகள் தம் நாட்டுப் பாட்டைப் பாடுகிறார்கள். லாஸ்லோ இசைக்குழுவிடம் போய் பிரான்சின் ‘லா மார்செய்யேஸ்’ வாசிக்கச் சொல்கிறார். குழு ரிக்கைப் பார்க்கிறது. ரிக் தலையசைக்கிறார், அவ்வளவுதான் அவர் செய்வது. மொத்த விடுதியும் எழுந்து பாடி ஜெர்மன் பாட்டை அமுக்கிவிடுகிறது. இங்கே கேமரா சற்று நேரம் இல்சாவிடம் தங்குவதைக் கவனிக்க வேண்டும். பாடும் கணவரை அவர் பார்க்கிறார். அவர் ஏன் ரிக்கை விட்டுப் போனார் என்பதற்கு வசனமில்லாத விடை அந்தப் பார்வை.

கண்ணீர் வழியப் பாடும் இவான் என்ற பெண்ணாக நடித்த மாட்லென் லெபோ, 1940-இல் பிரான்சை விட்டு உண்மையாகவே தப்பி வந்தவர். சூதாட்ட மேசையைக் கவனிப்பவராக வரும் மார்செல் தாலியோ அப்போது அவருடைய கணவர். ஜெர்மன் மேஜராக நடித்த கொன்ராட் ஃபைட், யூதப் பெண்ணை மணந்த காரணத்தால் 1933-இல் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். பெயர் காட்டப்பட்ட நடிகர்களுள் அமெரிக்காவில் பிறந்தவர்கள் போகார்ட், சாமாக நடித்த டூலி வில்சன், அன்னினாவாக நடித்த ஜாய் பேஜ் ஆகிய மூவர்தான். அந்தக் காட்சியின் அழுகையை மிகை என்று சொல்லத் துணிபவர் இதைத் தெரிந்துகொண்டு சொல்லட்டும்.

இதுவரையில் பார்த்தது: பாட்டு, கோப்பை, கடிதம், ஓர் அந்நியத் தம்பதி, ஒரு தேசியகீதம். காதல் என்ற சொல் அதிகம் உச்சரிக்கப்படாமலேயே பாதிக்கு மேற்பட்ட வேலை முடிந்துவிட்டது.

முகமும் விளக்குக் கோபுரமும்

பெர்க்மனின் குளோசப் காட்சிகளில் ஒளிப்பதிவாளர் ஆர்தர் ஈடிசன் மெல்லிய வலைத்துணி வடிகட்டி வழியாக ஒளியைக் கனிய வைத்து, கண்களில் சிறு புள்ளியாக வெளிச்சம் மின்னும்படி விளக்கு வைத்தார். கண்ணீர் வருவதற்கு முன்பே கண் நனைந்தது போலத் தெரிவது அதனால்தான். போகார்டின் முகத்திலோ பாதி நிழல். இதைப் பற்றி நிறைய எழுதலாம். தொடங்குபவருக்கு இவ்வளவு போதும்.

கடிதங்களைக் கேட்டு இல்சா ரிக்கின் அறைக்கு வரும் இரவில், இருவரும் அணைத்துக்கொண்டதும் காட்சி கரைந்து விமான நிலையத்தின் விளக்குக் கோபுரத்துக்குப் போகிறது. ஒளி ஒருமுறை சுழல்கிறது. மறுபடி கரைந்து, சன்னலருகே சிகரெட்டுடன் நிற்கும் ரிக்கிடம் வருகிறது. இடையில் எவ்வளவு நேரம் போயிற்று, என்ன நடந்தது என்பதைப் படம் சொல்வதில்லை. நெறிமுறை அலுவலகம் எதையும் கண்டுபிடித்துக் காட்ட முடியாது. பார்ப்பவர் எதையும் நினைத்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது தெரியும்

மெலோடிராமாவின் மற்றொரு பொறி, அறிவைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை. ஒரு வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு செய்தி ஒருவருக்கு மட்டும் தெரியாமல் இருக்கும்போது, அந்த ஒருவர் காபி கேட்பதுகூட நெஞ்சைப் பிசையும் அல்லவா? அதுதான் இது. பாரிசில் இல்சாவுக்குத் தெரிந்தது ரிக்குக்குத் தெரியாது. ஃபிளாஷ்பேக்கை ரிக்கின் நினைவாகவே காட்டுவதால் நமக்கும் தெரியாது. நாமும் அவரோடு சேர்ந்து இல்சாவைக் குற்றவாளியாக்குகிறோம். கணவர் உயிரோடிருப்பது கடைசி நேரத்தில்தான் தெரிந்தது என்று இல்சா சொல்லும்போது, திருத்திக்கொள்ள வேண்டியவர் ரிக் ஒருவர் மட்டுமல்லர்.

முடிவில் பங்கீடு தலைகீழாகிறது. இப்போது ரிக்கின் திட்டம் வேறு யாருக்கும் தெரியாது. தானும் ரிக்கும் போகப்போவதாக இல்சா நம்புகிறார். ரிக் தம் பக்கம் என்று ரெனோ நம்புகிறார். நாமும் உறுதியாக எதையும் சொல்ல முடியாது. படப்பிடிப்பு நடக்கும்போதே திரைக்கதை எழுதப்பட்டு வந்ததால், இல்சா யாருடன் போவார் என்று பெர்க்மனுக்கும் நெடுநாள் தெரியாமலிருந்தது என்பதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருடைய முகத்தில் நாம் காணும் தடுமாற்றத்தில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு மெய் என்று பிரித்தெடுப்பது கடினம்.

ஒப்புக்கொள்ள முடியாதவை

செவ்வியல் படம் என்பதற்காக எல்லாவற்றையும் தலைமேல் வைக்க வேண்டியதில்லை. மொரோக்கோவில் நடக்கும் கதையில் மொரோக்கோ மக்கள் ஏறக்குறைய பின்னணித் துணிபோலத்தான் வருகிறார்கள். தங்கள் மண்ணில் அகதிகளும் அதிகாரிகளும் ஆடும் ஆட்டத்தைப் பற்றி அவர்களுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கப்படவில்லை. வளர்ந்த மனிதரான சாமை, ‘பியானோ வாசிக்கும் பையன்’ என்று இல்சா விசாரிப்பதில் அன்றைய அமெரிக்காவின் நிறவேற்றுமை தன்னையறியாமல் வெளிப்படுகிறது. லாஸ்லோ மாசற்ற வீரராகவே இருந்துவிடுவதால் மனிதராக ஆவதில்லை. வதைமுகாமிலிருந்து தப்பியவரின் வெள்ளை உடுப்பில் ஒரு கசங்கல் இல்லை. எல்லாவற்றையும்விட, நம் இருவருக்கும் சேர்த்து நீங்களே யோசியுங்கள் என்று இல்சா ரிக்கிடம் பொறுப்பை ஒப்படைக்கும் இடம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அத்தனை அறிவுள்ள பெண்ணின் கையிலிருந்து தீர்மானத்தை எடுத்து நாயகனிடம் கொடுத்தால்தான் கடைசிக் காட்சி நடக்கும் என்று எழுத்தாளர்கள் கண்டார்கள். அதற்கான விலையை இல்சா கொடுத்தார்.

விமான நிலையம்

கடைசிக் காட்சியில் தெரியும் மூடுபனிக்கு ஒரு தொழில் காரணம் உண்டு. அது படப்பிடிப்பு அரங்குக்குள் போட்ட செட். பின்னால் நிற்கும் விமானம் அளவில் சிறிய, பலகையில் செய்த போலி. அது பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, அதைச் சுற்றி வேலை செய்பவர்களாக உயரம் குறைந்தவர்களை நிறுத்தினார்கள். மிச்சக் குறையைப் பனி மறைத்தது. ஆனால் யாருக்கு எது தெரியும் என்றே ஓடிய கதையின் முடிவில், எதிரே பத்தடிக்கு மேல் எதுவும் தெளிவாகத் தெரியாதது பொருத்தமாகவே அமைந்துவிட்டது.

ரிக் கடிதங்களில் லாஸ்லோ தம்பதியின் பெயர்களை எழுதச் சொல்கிறார். இல்சாவிடம் அவர் சொல்லும் காரணங்கள் உலகப் போரைப் பற்றியவை, லாஸ்லோவின் பணியைப் பற்றியவை. இந்தக் குழம்பிய உலகில் மூன்று சிறு மனிதர்களின் பிரச்சினை ஒரு பொருட்டன்று என்பது அவற்றுள் ஒன்று. பேருந்து நிலையத்துத் தயிர்சாதத்தை இங்கே நினைவுகூர வேண்டும். பிறகு லாஸ்லோவிடம் திரும்பி, முந்தின இரவு இல்சா கடிதத்துக்காகத் தம்மை இன்னும் நேசிப்பதாகப் பாவனை செய்தார் என்று சொல்கிறார். பொய். அது பொய் என்று ரிக்குக்குத் தெரியும், இல்சாவுக்குத் தெரியும், லாஸ்லோவுக்கும் தெரியும் என்றே அவர் முகம் சொல்கிறது. மூவரும் அறிந்த பொய்யை மூவரும் ஏற்றுக்கொண்டு நிற்பதைப் போன்ற காதல் வசனம் அந்தப் படத்தில் வேறு இல்லை.

விமானம் கிளம்புகிறது. தடுக்க வந்த ஜெர்மன் மேஜரை ரிக் சுட்டுவிடுகிறார். ரெனோ ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்து, அதன் மேல் விஷி என்று எழுதியிருப்பதைக் கண்டு, குப்பைக் கூடைக்குள் போட்டு எட்டி உதைக்கிறார்; கட்சி மாறிவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இருவரும் பனிக்குள் நடந்து போகிறார்கள். இது ஓர் அழகிய நட்பின் தொடக்கம் என்று ரிக் சொல்லும் கடைசி வரி, படப்பிடிப்பு முடிந்த பின் தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் எழுதி, போகார்டை அழைத்துக் குரல் மட்டும் பதிவுசெய்து சேர்த்தது. முகம் தெரியாமல் முதுகு மட்டும் தெரியும் காட்சி என்பதால் அது முடிந்தது.

அந்த வரிக்குப் பிறகு படம் முடியும் இசையைக் கூர்ந்து கேளுங்கள். முதல் முறை பார்க்கிறவர்கள், அத்தனை நேரம் கேட்ட காதல் பாட்டு இங்கே பெருக்கெடுத்து வரும் என்று எதிர்பார்ப்பார்கள். வருவது ‘லா மார்செய்யேஸ்’.